பிப்ரவரி மாதத்துப் பையனின் நிறம்

டிசைன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் வேலையிலிருந்து நின்று எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் சிவகாசி காய்கறிக் கடையில் பார்த்தபோது நம் முதலாளி அண்ணாச்சி, "ஏம்மா மகேசு, புதுசா நாலு பிள்ளைக சேந்திருக்குக. இருபத்தெட்டு வருசம் கலர் பாத்திருக்கீக. அதுகளுக்கு உபயோகமா எதையாச்சும் எழுதிக் குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். மை, தாள், பிளேட் பற்றியெல்லாம் ஒரே சீசனில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள், அதற்கு நான் தேவையில்லை. என்னால் எழுத முடிவது நான் செய்த ஒரு தவறைப் பற்றித்தான். அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்காவது விளங்குகிறதா பாருங்கள்.

நம் பிரிவில் 'முகம் கழுவுறது' என்று ஒரு வேலை உண்டு. எந்த ஜாப் கார்டிலும் அது எழுதியிருக்காது. நகைக்கடைக் காலண்டரோ, நோட்டு அட்டையோ, கல்யாணப் பத்திரிகையோ, போட்டோவில் மனித முகம் இருந்தால் அதைக் கண் போதும் என்கிறவரை வெளுப்பாக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவோம். நான் சேர்ந்த முதல் வாரத்தில், ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு வந்த ஒரு பெண்ணின் படத்தை வந்தபடியே வைத்துவிட்டேன். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் பின்னால் நின்று பார்த்தார். "இந்தப் பிள்ளைய இப்பிடியே வெயில்ல நிக்க விடப் போறியா?" என்று கேட்டுவிட்டு, அவரே உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் கழுவிக் கொடுத்தார். கடைக்காரர் வந்து பார்த்து, "லட்சணமா இருக்கே" என்றார். அன்றைக்கு என் கைக்கு வந்தது அந்தப் பழக்கம். பிறகு அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பல் விளக்குவதை யாராவது யோசித்தா செய்கிறோம்?

என் மகள் அபிநயா அமெரிக்காவில் மேல்படிப்புப் படிக்கிறாள். போன இரண்டு வருடமாக அங்கே கறுப்பின மக்களின் ஒரு சின்ன அமைப்போடு சேர்ந்து சுற்றுகிறாள். போலீஸ் கையால் பிள்ளைகளையும் புருஷனையும் இழந்த குடும்பங்கள் நடத்துகிற அமைப்பு அது. கூட்டம் போடுவார்கள். கோர்ட் வாசலில் நியாயம் கேட்டு நிற்பார்கள். அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் திட்டுவேன்.

"நீ எதுக்குடி அங்கன போயி நிக்க? படிக்கப் போனியா, கொடி பிடிக்கப் போனியா?"

"அம்மா, இங்க தோலப் பாத்தே ஆள முடிவு பண்றாக. நம்மூர்ல எந்தத் தெருன்னு கேக்குறோம்ல, அது மாதிரி. இங்க கேக்கக்கூட வேண்டாம், பாத்தாலே போதும்."

"அது அவுக பாடு. உன்ன யாரும் ஒண்ணும் சொல்லலைல்ல?"

"சொன்னா என்ன செய்வ, பஸ் ஏறி வந்து சண்ட போடுவியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவளை யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. என்ன என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்த அமைப்பு வருடா வருடம் ஒரு காலண்டர் போடும். மாதத்துக்கு ஒருவர் என்று இறந்துபோன பன்னிரண்டு பேர், குடும்பத்தார் கொடுத்த போட்டோக்கள். ஜனவரி மாதக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் உலகத்துக்கே காலண்டர் அடிக்கிறார்கள், அதுவும் என் அம்மாவே செய்வார் என்று அபி அவர்களிடம் பெருமையடித்து, ஆர்டரை வாங்கி எனக்கு அனுப்பினாள். நானே உட்கார்ந்து செய்தேன், யாரிடமும் தள்ளிவிடவில்லை. பிப்ரவரி மாதத்துக்கு வந்தவன் மார்கஸ், பத்தொன்பது வயதுப் பையன். தூண்டில் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிரிக்கிறான். மர நிழலில் எடுத்த படம். 'பாவம், கடைசிப் போட்டோ, நல்லபடியா வரட்டும்' என்று நினைத்து, மற்றவர்களைவிட அவனைக் கூடுதலாகவே கழுவினேன். அன்போடுதான் செய்தேன். அன்பில்லாமல் செய்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சீசன் நெருக்கடியில் எழுத்துப் பிழை பார்க்க மட்டும், படமில்லாமல் புரூஃப் அனுப்பினேன். தேதிகள் சரி என்று அபி சொன்னதும் மெஷினில் ஏற்றிவிட்டோம். அச்சு முடிந்தது. இரண்டு சாம்பிள் கூரியரில் போயிற்று.

கார்த்திகை மாதம், காலை ஏழு மணி. சட்டினிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வீடியோவில் அபி வந்தாள். அங்கே சாயங்காலம். ஏதோ ஒரு கூடத்தில் இருந்தாள். பக்கத்தில் உயரமான ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"ஏன், தேதி ஏதும் தப்பா?"

"மூஞ்சிம்மா. பன்னெண்டு மூஞ்சியும்." பிப்ரவரித் தாளைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். "இது யாரு?"

"மார்கஸ்தான."

"அவங்கம்மா ரூத் என் பக்கத்துலதான் இருக்காங்க. பிரிச்சுப் பாத்துட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க. இது வேற யார் வீட்டுப் பிள்ளையோன்னு சொல்றாங்க."

"இல்லடி, கொஞ்சம் பளிச்சுன்னு தெரியட்டுமேன்னு..."

"என் ஜாதகத்தோட குடுத்து விட்ட போட்டோவப் பளிச்சுன்னு ஆக்குனியே, அந்த மாதிரியா?"

அது அவளுக்குத் தெரியும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. துருவலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரூத் அம்மாள் ஏதோ சொன்னார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார். அபி எனக்குச் சொன்னாள்: "அவன்கிட்ட உங்களுக்கு என்ன குறை தெரிஞ்சுச்சுன்னு கேக்குறாங்கம்மா."

அவருக்கு வேண்டியது ஒன்றுதான் என்று அபி சொன்னாள். ஜனவரிக் கூட்டத்தில் அவர் பிள்ளை அவர் பிள்ளையாகவே இருக்க வேண்டும்.

அண்ணாச்சியிடம் போய் நின்றேன். வரிசையாக அரிசிக் கடை, எண்ணெய்க் கடைக் காலண்டர்கள் மெஷினுக்குக் காத்துக் கிடந்த நேரம். தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானம்மா வந்திருக்கு?"

"அவுகளுக்குப் பிள்ளைய அடையாளம் தெரியலையாம், அண்ணாச்சி."

"இங்க பாருங்க மகேசு. நாமளும் கருப்புதான். கருப்பா இருக்குறவுகளக் கேவலப்படுத்தணும்னு நாம நினைப்பமா? வெள்ளக்காரன் அவுகள ஒதுக்கி வச்சான், அது அநியாயம். நாம ஒதுக்கலையே? நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வமோ அதத்தான அந்தப் பிள்ளைக்கும் செஞ்சோம்?"

அவர் சாமர்த்தியமாகப் பேசவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். காலையிலிருந்து என் மனசுக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான். ஆனால் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வது என்ற இடத்தில் எனக்கு என்னவோ இடறியது. அதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

"எனக்கும் புரியல, அண்ணாச்சி. பெத்தவளுக்குப் பிள்ளையத் தெரியலைன்னா அது தப்பு ஜாப்புதான?"

அண்ணாச்சி தாளை மேஜையில் வைத்தார். "ஒரு நாள் மெஷின் தாரேன். சீசன்ல ஒரு நாள்னா என்னன்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார்.

தப்பைத் திருத்துவது சுலபம், கழுவாமல் விட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். மூலப் படத்தை அப்படியே அச்சில் எடுத்தோம். முகம் சாம்பல் பூசிய மாதிரி வந்தது. மெஷின்மேன் கருப்பசாமி தாளை உருவிப் பார்த்தார்.

"மதினி, இது ஆளா அடுப்புக்கரியா?"

இருபத்தெட்டு வருடத்தில் ஒரு கருத்த முகத்தைக் கருப்பாக நான் அச்சிட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று பழைய ஜாப்களைத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்த ஊரில் தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த நிறம். நம் கோடவுனில் ஒரு தாளில்கூட அவர்கள் இல்லை.

"ஏன், நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன்ல?" கருப்பசாமி சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை விளக்கடியில் நீட்டினார். "பேருலயே கருப்ப வச்சுக்கிட்டு இத்தன வருசம் மெஷின் ஓட்டுறேன். இன்னைக்குத்தான் என் தோலுக்கு வேல வந்திருக்கு."

தினமும் பார்க்கிற கைதான். அதில் கருப்பு என்ற ஒரே நிறம் இல்லை. வெளிச்சம் பட்ட இடத்தில் செம்பு மாதிரி ஒரு சூடு, முட்டியில் ஊதா, மடிப்புகளில் அடர்ந்த பழுப்பு. அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். அபி ரூத் அம்மாளை வீடியோவில் அழைத்து வந்தாள். திரையில் பார்த்து நிறம் முடிவு செய்வது தொழில்படி தப்பு. எங்களுக்கு வேறு வழியில்லை. அந்த அம்மாள் தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்தக் கோடை முழுக்க அவன் ஆற்றங்கரையில் கிடந்தான், கழுத்து இன்னும் கருத்திருக்கும் என்றார். நாங்கள் கழுத்தைக் கருக்கினோம். நான்காவது தாளை நீட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"கிட்ட வந்துட்டான்னு சொல்றாங்கம்மா" என்றாள் அபி.

மற்ற பதினொரு முகங்களையும் குடும்பத்தாரிடம் காட்டிச் சரிசெய்து, மறுநாள் அச்சேற்றினோம். அன்றைக்குச் சாயங்காலம் ரூத் அம்மாள் இன்னொன்று கேட்டனுப்பினார். தப்பாக அச்சான தாள்கள் எங்கே இருக்கின்றன? அது அவன் இல்லை, ஆனாலும் அந்த முகத்தை யாரும் குப்பையில் போடக்கூடாது. எல்லாவற்றையும் தனக்கே அனுப்பிவிட வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டு கோடவுனுக்குப் போனேன். தாள் அடுக்கியிருந்த இடம் காலியாக இருந்தது. முந்தின நாள் காலையில் நானே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கெட்ட தாள் என்றால் சீட்டு எழுதி எடைக்குத் தள்ளுவோம் இல்லையா, அதே கை, அதே கையெழுத்து. எடைக்கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"மொத்தமான தாளு அக்கா. குழாய் உருட்ட நல்லா நிக்கும்னு தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனிக்கு ஏத்தி விட்டாச்சே" என்றார்.

வெடிக்குழாய். மருந்து அடைத்துத் திரி வைக்கிற குழாய். துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்த பையனின் முகத்தைச் சுருட்டி வெடியாக்க நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே அது யாருக்கும் ஒன்றும் தோன்றாத காரியம். சாமி படம், தலைவர் படம், பரீட்சைத் தாள் எல்லாம் அப்படித்தான் போகின்றன. ரூத் அம்மாளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலை கருப்பசாமியின் பைக்கில் போனோம். கம்பெனி வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். குழாய் உருட்டும் கொட்டகையில் ஆறு பெண்கள் இருந்தார்கள். நம் தாள் கட்டுகள் மூலையில் பிரிக்காமல் கிடந்ததைக் கண்டதும் மூச்சு வந்தது. ஒரு கட்டு மட்டும் பிரித்து, வெட்டி, பாதிக்கு மேல் உருட்டியிருந்தார்கள். ஓரத்தில் இருந்த பெண் ஒரு முழுத் தாளை மடிக்காமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். பிப்ரவரி.

"இவன மட்டும் வெட்ட மனசு வரலக்கா. சிரிச்ச மூஞ்சியா இருக்கான். பாத்தா நம்ம பக்கத்துப் பையன் மாதிரியே இருக்கான். யாரு இது?"

"அமெரிக்காப் பையன். போலீசு சுட்டுட்டாக."

"அடப் பாவிகளா. என்ன செஞ்சானாம்?"

"ஒண்ணும் செய்யலையாம். கருப்பா இருந்திருக்கான். அதுக்குத்தான் அவுக ஊர்ல அம்புட்டுப் போராட்டமும்."

"கருப்பாவா? இவனா?" அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். பசை ஒட்டியிருந்த தன் கையைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். "இவன் கருப்புன்னா நாங்கல்லாம் என்னக்கா?"

"அது நான் வெளுப்பாக்குனது தாயி. நெசத்துல நல்ல கருப்பு."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "செத்த பெறகுமா பவுடர் போட்டு விட்டீக?" என்றாள் ஒருத்தி. "எங்களுக்கு உயிரோட இருக்குறப்பவே போட்டு விடலாம்லக்கா, மாப்பிள்ளையாவது அமையும்" என்றாள் இன்னொருத்தி. கருப்பசாமியும் சிரித்தார். எனக்கு அபியின் ஜாதகப் போட்டோ ஞாபகம் வந்தது.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பாண்டியம்மாள் என்று பேர். "எங்க வீட்டுக்காரருக்கும் அப்பிடித்தான் போட்டு விட்டாக" என்றாள். ஆறு வருடம் முன்பு வேறொரு கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் அவர் இறந்துபோனார். அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, கோட்டு மாட்டி, செக்கச்செவேலென்று செய்து ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறார்கள். "மாலை போடும்போதெல்லாம் வேற யார் வீட்டுக்காரருக்கோ போடுற மாதிரி இருக்கும்" என்றாள்.

கிடைத்த தாளையெல்லாம் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். உருட்டி முடித்த குழாய்களைக் கேட்டேன். அவை காய வைத்த மற்ற குழாய்களோடு கலந்துவிட்டன, இனிப் பிரிக்க முடியாது என்றார்கள்.

அபியிடம் சொன்னேன். "இத அவங்ககிட்டச் சொல்லணுமாம்மா?" என்று அவளே தயங்கினாள். சொல்லத்தான் வேண்டும் என்றேன். துணிச்சலால் இல்லை. எண்ணிக்கை குறைவது அவருக்குத் தெரியத்தான் போகிறது. அபி சொல்லி முடித்ததும் ரூத் அம்மாள், அந்த வெடியை எதற்குப் போடுவார்கள் என்று கேட்டார். தீபாவளிக்கு, கல்யாணத்துக்கு, கோயில் கொடைக்கு, சாவு ஊர்வலத்துக்கும் போடுவார்கள் என்றேன். சாவுக்குமா என்று ஒரு தடவை கேட்டார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஜனவரிக் கூட்டத்தில் பிப்ரவரித் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் நிற்கிற படத்தை அபி அனுப்பினாள். முகம் அவருடைய கையின் நிறத்தோடு சேர்ந்திருந்தது. தொழில்காரியாக எனக்கு அது தெரிந்தது. அவர் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. அபி முன்போலவே பேசுகிறாள். ஜாதகப் போட்டோவைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

வேலையின் கடைசி மாதங்களில் கழுவுவதற்கு முன் ஒவ்வொரு முகத்திலும் கை நின்றது. கல்யாணப் பத்திரிகைக்கு வந்த ஒரு பெண்ணை உள்ளபடியே வைத்தேன். அந்தப் பெண்ணே போன் செய்து, "அக்கா, எல்லாருக்கும் செய்யுற மாதிரி எனக்கும் செஞ்சு குடுங்கக்கா" என்றாள். செய்து கொடுத்தேன். அது சரியா தப்பா என்று கேட்காதீர்கள்.

தை மாதம் பாண்டியம்மாள் பஸ் ஏறி நம் அச்சகத்துக்கே வந்தாள். துண்டில் சுற்றிய சட்டத்தை என் மேஜையில் வைத்தாள்.

"அந்தப் பையனத் திருப்பிக் கருப்பாக்குனீகளாம்ல. இவுகளையும் ஆக்கித் தாங்கக்கா."

"பழைய கார்டு இருக்கா, தாயி?"

"அத ஸ்டூடியோவுல குடுத்ததோட சரி, தொலச்சுட்டாக. இது ஒண்ணுதான்."

ஸ்கேன் செய்து திரையில் திறந்தேன். ரூத் அம்மாளிடம் கேட்ட மாதிரியே கேட்டேன், எம்புட்டுக் கருப்பு என்று. கருப்பசாமி வந்து கையை நீட்டினார். "இம்புட்டா?"

"இல்ல, இதவிடக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

ஒரு படி இறக்கிக் காட்டினேன். "இருக்கும்" என்றாள். இன்னொரு படி இறக்கினேன். "இதுவும் இருக்கும் போல." மறுபடி ஏற்றினேன். திரைக்கு மிக அருகே வந்து பார்த்தாள். பிறகு சட்டத்துக்குள் இருந்த கோட்டுக்காரரைப் பார்த்தாள். "ஆறு வருசமா இதையேதானக்கா பாத்துக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள்.

நான் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வழி கண்டுபிடித்தவள் போல என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு மறந்தா என்னக்கா? படத் தொழில்ல நீங்கல்லாம் எம்புட்டுக் கழுவுவீகன்னு உங்களுக்குத் தெரியும்ல? அம்புட்டையும் திருப்பி வச்சிருங்க."

இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதை அளந்ததில்லை.